ரேடியோ நல்லாத்தான் கேட்டுச்சு, அப்புறம் ஏன் மோதுச்சு?

கேள்வி இது: "பைலட் கிட்ட ரேடியோ இருக்கு, டவர்லயும் ரேடியோ இருக்கு, ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியும். அப்படி இருந்தும் கம்யூனிகேஷன் ஃபெயிலியர்னு சொல்லி இத்தனை பேர் செத்திருக்காங்களே, அது எப்படி? இந்த காலத்துல பேசுறதுக்கு பதிலா டைப் பண்ணி அனுப்பிக்க முடியாதா?"

டைப் பண்றத பத்தி கடைசில வரேன், முதல் பாதிக்கு கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும். நான் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலுக்கு ட்ரெயினிங் எடுத்து சில வருஷம் ஹெட்செட் மாட்டிக்கிட்டு உக்காந்தவன், இந்த விஷயம் எனக்கு வெறும் படிச்ச விஷயம் இல்ல.

ரேடியோ மொத்தமா செத்துப்போறத தான் எல்லாரும் பெரிய ஆபத்துன்னு நினைப்பாங்க, ஆனா அதுக்கு வழி இருக்கு. விமானத்தோட அடையாளத்தை ரேடாருக்கு அனுப்புற ட்ரான்ஸ்பாண்டர் கருவில பைலட் 7600னு போடுவாரு, கன்ட்ரோலர் ஸ்க்ரீன்ல உடனே தெரிஞ்சிடும், மத்த விமானத்தை எல்லாம் விலக்கி வெச்சிடுவாங்க. ரேடியோ போனா எந்த ரூட்ல, எந்த உயரத்துல, எத்தனை மணிக்கு இறங்கணும்னு முன்னாடியே எழுதி வெச்ச விதி இருக்கு. டவர் பக்கத்துல வந்துட்டா லைட் கன் வெச்சு சிக்னல் காட்டுவாங்க, அணையாம பச்சை அடிச்சா இறங்கு, அணையாம சிவப்புன்னா வேற விமானத்துக்கு வழி விட்டு சுத்திக்கிட்டே இரு, விட்டு விட்டு சிவப்புன்னா ஏர்போர்ட் சேஃப் இல்ல, இறங்காத. பேச்சு நின்னு போச்சுன்னு ரெண்டு பக்கமும் தெரியும்கிறதால ரெண்டு பக்கமும் உஷாராயிடுறாங்க. ஆளை கொல்றது இது இல்ல. குரல் தெளிவா கேக்கும், "சரி புரிஞ்சுது"ன்னு ரெண்டு பேரும் அடுத்த வேலைக்கு போயிடுவாங்க, ஆனா ஒருத்தர் மனசுல ஓடுற படம் ஒண்ணு, இன்னொருத்தர் மனசுல ஓடுறது வேற ஒண்ணு, அது ரெண்டு பேருக்குமே தெரியாது. கம்யூனிகேஷன் ஃபெயிலியர்னு சொல்ற பெரிய விபத்துல நிறைய நான் படிச்ச வரைக்கும் இந்த ஜாதிதான்.

ரேடியோ எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இல்லைன்னா அடுத்து வர்றது புரியாது. ஒரு ஏரியாவுல இருக்குற எல்லா விமானமும் ஒரே ஃப்ரீக்வென்சில இருக்கும், ஒரு நேரத்துல ஒருத்தர் தான் பேச முடியும். பட்டனை அமுக்கினா பேசலாம், அந்த நேரம் கேக்க முடியாது. ரெண்டு பேர் ஒரே நேரத்துல அமுக்கினா ரெண்டும் கலந்து "கீ..."ன்னு ஒரு கீச்சு சத்தம் தான் மத்தவங்களுக்கு கேக்கும், அமுக்கின ரெண்டு பேருக்கும் தான் சொன்னது யாருக்கும் கேக்கலைங்கிறதே தெரியாது. விமானத்துல இன்னமும் ஏஎம் முறைல தான் பேசுறாங்க, எஃப்எம் இல்ல. எஃப்எம்ல பலமான சிக்னல் மத்ததை முழுங்கிடும், ரெண்டாவது ஆள் பேசினதே தெரியாது, ஏஎம்ல அந்த கீச்சு சத்தமாவது வந்து யாரோ குறுக்க வந்துட்டாங்கன்னு காட்டிக்குடுக்கும். கன்ட்ரோலர் ஒரு உத்தரவு குடுத்தா பைலட் அதை திருப்பி சொல்லணும், அது ரீட்பேக். பைலட் திருப்பி சொன்னதை கன்ட்ரோலர் காது குடுத்து கேட்டு தப்பு இருந்தா திருத்தணும், அது ஹியர்பேக். சொன்னது, திருப்பி சொன்னது, அதை கேட்டது, இந்த மூணும் சேர்ந்தா தான் ஒரு வட்டம் முடியும்.

இந்த வட்டம் முடியாம போன நாள்ல பெரிய நாள் 1977 மார்ச் 27. கேனரி தீவுல டெனெரிஃப், லாஸ் ரோடியோஸ்னு ஒரு சின்ன ஏர்போர்ட். பக்கத்து தீவு கிரான் கனேரியா ஏர்போர்ட்ல குண்டு வெடிச்சதால அங்க போக வேண்டிய விமானம் எல்லாம் இங்க திருப்பி விட்டுட்டாங்க, ரன்வேக்கு போற வழியான டாக்ஸிவே முழுக்க விமானம் நின்னு அடைச்சுக்கிச்சு. அதுனால கிளம்புற விமானம் ரன்வே மேலயே ஓடிப்போய் கடைசில திரும்பி டேக் ஆஃப் பண்ணணும். டச்சு கம்பெனி கேஎல்எம்மோட 747 அப்படி போய் முனைல திரும்பி நின்னுச்சு. அது பின்னாடியே அமெரிக்க கம்பெனி பான் ஆமோட 747 அதே ரன்வேல வந்துக்கிட்டு இருந்துச்சு, இடது பக்கம் மூணாவது வழில விலகுன்னு அதுக்கு சொல்லியிருந்தாங்க. அந்த மூணாவது வழி ரொம்ப கூர்மையா பின்னோக்கி திரும்புற வழி, அவ்வளவு பெரிய 747க்கு கஷ்டம், வழிகளுக்கு போர்டும் இல்ல, அதை தாண்டி நாலாவதை நோக்கி போயிட்டாங்க. மேகம் தரைக்கு இறங்கி ஒண்ணும் தெரியல, டவர்ல இருக்குறவருக்கு ரெண்டு விமானமும் தெரியாது, கேஎல்எம்க்கு பான் ஆம் தெரியாது, பான் ஆம்க்கு கேஎல்எம் தெரியாது, தரையை காட்டுற ரேடாரும் அங்க கிடையாது. ஆக எல்லாருக்கும் கண்ணு அந்த ஒரு ஃப்ரீக்வென்சி தான்.

இப்ப பேச்சை கவனிங்க. டவர் கேஎல்எம்க்கு ரூட் க்ளியரன்ஸ் குடுத்தாரு, அதாவது மேல போன அப்புறம் எந்த பக்கம் திரும்பணும், எந்த உயரத்துக்கு ஏறணும்ங்கிற விவரம். ஓடி கிளம்புன்னு அவரு சொல்லல. ஆனா அந்த க்ளியரன்ஸ்குள்ள "டேக் ஆஃப்க்கு அப்புறம் வலது பக்கம் திரும்பு"ன்னு டேக் ஆஃப்ங்கிற வார்த்தை வந்துச்சு. கோ பைலட் அதை திருப்பி சொல்லிக்கிட்டு இருக்கும்போதே கேப்டன் "போலாம்"னு சொல்லி இன்ஜின் த்ரஸ்ட் ஏத்த ஆரம்பிச்சிட்டாரு. கோ பைலட் அவசரமா கடைசில "வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்"னு ஒட்ட வெச்சாரு. டவர் அதை "டேக் ஆஃப் பண்ற இடத்துல ரெடியா நிக்கிறோம்"னு எடுத்துக்கிட்டாரு. கோ பைலட் மனசுல இருந்தது "ஓட ஆரம்பிச்சிட்டோம்". டச்சு மொழில ஒரு வேலை நடந்துக்கிட்டு இருக்குன்னு சொல்ற அமைப்பு இப்படித்தான் வரும், தாய்மொழி பழக்கம் இங்கிலீஷ்ல புகுந்துடுச்சுன்னு ஒரு விளக்கம் இருக்கு, எனக்கு அது சரியாத்தான் படுது, அவசரத்துல வாய்ல வர்றது தாய்மொழி இலக்கணம் தான்.

டவர் என்ன சொன்னாரு? "ஓகே", கொஞ்சம் இடைவெளி, அப்புறம் "டேக் ஆஃப்க்கு காத்திருங்க, நான் கூப்பிடுறேன்". அதே நேரம் பான் ஆம் பைலட் பதறிப்போய் "நாங்க இன்னும் ரன்வேல தான் இருக்கோம்"னு பட்டனை அமுக்கிட்டாரு. ரெண்டும் கலந்துச்சு. கேஎல்எம் காக்பிட்ல தெளிவா விழுந்தது அந்த "ஓகே" மட்டும் தான், மிச்சம் கீச்சு சத்தம். ஒரு சாதாரண ஓகே, நம்ம எல்லாரும் நாள் முழுக்க சொல்றது. அதுக்கப்புறம் கூட ஒரு வாய்ப்பு இருந்துச்சு. "ரன்வே விட்டு விலகினதும் சொல்லு"ன்னு டவர் பான் ஆம் கிட்ட கேட்டாரு, "சொல்றோம்"னு அவங்க பதில் குடுத்தாங்க, இது கேஎல்எம் காக்பிட்ல நல்லாவே கேட்டுச்சு. ஃப்ளைட் இன்ஜினியர் ஒருத்தர் தான் அதை பிடிச்சுக்கிட்டு "அந்த பான் ஆம் இன்னும் விலகலையா?"ன்னு கேட்டாரு. கேப்டன் அழுத்தமா "விலகிட்டான்"னாரு. அந்த கேப்டன் அந்த கம்பெனில 747க்கே தலைமை ட்ரெயினர், பக்கத்துல உக்காந்திருந்த கோ பைலட்டுக்கு ரெண்டு மாசம் முன்னாடி 747 டெஸ்ட் வெச்சு பாஸ் போட்டவரே அவர் தான். அவர் அவ்வளவு உறுதியா சொன்னதுக்கு மேல ரெண்டு பேரும் வாய் திறக்கல. 583 பேர் செத்தாங்க. பான் ஆம்ல 61 பேர் பிழைச்சாங்க, கேஎல்எம்ல ஒருத்தர் கூட இல்ல.

இதுக்கு அப்புறம் வந்த விதி இன்னிக்கு நீங்க பயணம் பண்ற ஒவ்வொரு விமானத்துலயும் இருக்கு. டேக் ஆஃப்ங்கிற வார்த்தையை நிஜமா கிளம்ப அனுமதி குடுக்கும்போதும் அதை ரத்து பண்ணும்போதும் மட்டும் தான் சொல்லணும், மத்த எல்லா நேரமும் "டிபார்ச்சர்" தான். வெறும் ஓகே, ரோஜர்னு பதில் சொல்லி முக்கியமான உத்தரவை முடிக்கக் கூடாது. ரோஜர்னா "சரி, செய்றேன்"னு அர்த்தம்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, கிடையாது, "நீ சொன்னது காதுல விழுந்துச்சு" அவ்வளவு தான், செய்றேன்னு சொல்ல வில்கோனு தனி வார்த்தை இருக்கு. காக்பிட்ல ஜூனியர் கேள்வி கேட்டா சீனியர் நின்னு கேக்கணும்னு சொல்லிக்குடுக்குற சிஆர்எம் பயிற்சி உலகம் முழுக்க வேர் பிடிச்சதுக்கும் இந்த விபத்து ஒரு பெரிய காரணம்.

அடுத்து நம்பர். 1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர் பக்கம் சுபாங் ஏர்போர்ட்டுக்கு ஃப்ளையிங் டைகர் 66ங்கிற சரக்கு 747 இறங்கி வந்துச்சு. கன்ட்ரோலர் 2400 அடிக்கு இறங்க சொன்னாரு, நம்பரை ஒண்ணொண்ணா சொல்லணும்ல, "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ"ன்னாரு. இங்கிலீஷ்ல 2ங்கிற "டூ"வும் "அந்த உயரத்துக்கு"ங்கிற "டு"வும் காதுக்கு ஒண்ணுதான். கேப்டன் "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ"ன்னாரு. அவருக்கு கேட்டது "400 அடிக்கு இறங்கு". 400 அடிங்கிறது அந்த இடத்துல மலைக்குள்ள போற உயரம். தரை நெருங்குதுன்னு விமானமே எச்சரிக்கை சத்தம் போட்டுச்சு, அதையும் அவங்க மதிக்கல. பூச்சோங் பக்கத்துல 437 அடி உயரத்துல குன்று மேல மோதி நாலு பேரும் போயிட்டாங்க. திருப்பி சொன்னதுல தப்பு பச்சையா இருந்துச்சு பாருங்க, ஆனா பிடிக்க வேண்டிய காது பிடிக்கல. இப்ப உயரத்தை சொல்லும்போது "டிசெண்ட் டு ஆல்டிட்யூட்"னு நடுவுல ஒரு வார்த்தை போட்டு பிரிச்சு சொல்றது இந்த மாதிரி குழப்பம் வராம இருக்கத்தான்.

அந்த கன்ட்ரோலர் ஏன் பிடிக்கலைன்னு கேக்குறவங்களுக்கு என் கதை ஒண்ணு சொல்றேன். ட்ரெயினிங்ல சிமுலேட்டர் முன்னாடி உக்காந்திருக்கேன், எதிர் ரூம்ல ஒருத்தர் பைலட்டா நடிப்பாரு. நான் ஃப்ளைட் லெவல் 100க்கு, அதாவது சுமார் 10,000 அடிக்கு, இறங்க சொன்னேன், "ஒன் ஜீரோ ஜீரோ"ன்னு. அவர் வேணும்னே "ஒன் ஒன் ஜீரோ"ன்னு திருப்பி சொன்னாரு. நான் கரெக்டுன்னு சொல்லிட்டு அடுத்த விமானத்துக்கு போயிட்டேன். முடிஞ்சதும் இன்ஸ்ட்ரக்டர் டேப்பை போட்டு காட்டினாரு. அந்த குரல் ஒன் ஒன் ஜீரோன்னு தெளிவா சொல்லுது, எனக்கு ஒன் ஜீரோ ஜீரோன்னு கேட்டதா சத்தியம் பண்ணி இருப்பேன், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. காது சத்தத்தை அப்படியே வாங்கறது இல்லங்க, நாம எதிர்பார்க்கறதை தான் கேக்குது. வேலை ஜாஸ்தி ஆக ஆக இன்னும் மோசம், அவர் திருப்பி சொல்ல ஆரம்பிக்கும்போதே மனசு அடுத்த விமானத்துக்கு ஓடிடும். இப்ப லெவல் 100ஐ "ஒன் ஹண்ட்ரட்"னு சொல்றதே இந்த 100, 110 குழப்பத்துக்காக தான். 9ஐ "நைனர்"னும் 3ஐ "ட்ரீ"னும் 5ஐ "ஃபைஃப்"னும் சொல்றதெல்லாம் ஸ்டைலுக்கு இல்ல.

இனி எனக்கு ரொம்ப வலிக்கிற கேஸ். 1990 ஜனவரி 25, அவியாங்கா 52, போயிங் 707, கொலம்பியால பொகோட்டால கிளம்பி மெடஜின் வழியா நியூயார்க் ஜேஎஃப்கேக்கு. மோசமான வானிலை, வழில மூணு தடவை வட்டம் அடிக்க வெச்சாங்க, மொத்தம் ஒரு மணி நேரம் 17 நிமிஷம். எரிபொருள் தீர்ந்துக்கிட்டே வருது. கோ பைலட் ரேடியோல "எங்களுக்கு ப்ரயாரிட்டி வேணும்"னாரு, அப்புறம் "ஃப்யூயல் தீர்ந்துக்கிட்டு இருக்கு"ன்னாரு. எமர்ஜென்சினோ, உயிருக்கு ஆபத்துன்னு அர்த்தமாகுற மேடேனோ ஒரு தடவை கூட சொல்லல. முதல் தடவை இறங்க முயற்சி பண்ணி முடியாம மேல ஏறினப்போ கேப்டன் ஸ்பானிஷ்ல "எமர்ஜென்சினு சொல்லு"ன்னாரு, கோ பைலட் கன்ட்ரோலர் கிட்ட திரும்ப எந்த பக்கம் திரும்பணும்ங்கிறதை சொல்லிட்டு கடைசில சாதாரண குரல்ல "ஃப்யூயல் தீருது"ன்னு சேர்த்தாரு. சொல்லிட்டியான்னு கேப்டன் கேட்டாரு, சொல்லிட்டேன்னாரு. அவரை பொறுத்த வரைக்கும் சொல்லிட்டாரு தான்! கன்ட்ரோலரை பொறுத்த வரைக்கும் அன்னிக்கு ராத்திரி எல்லா விமானத்துக்கும் தான் எரிபொருள் குறைஞ்சிக்கிட்டு இருந்துச்சு. லாங் ஐலண்ட்ல கோவ் நெக்ங்கிற இடத்துல இன்ஜின் எல்லாம் நின்னு விழுந்துச்சு, 158 பேர்ல 73 பேர் செத்தாங்க. எரியறதுக்கு எரிபொருளே இல்லாததால தீப்பிடிக்கல, அதுனால தான் மிச்ச பேர் பிழைச்சாங்க.

நம்ம வீட்டு பெரியவங்களை நினைச்சு பாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, "ஒரு மாதிரியா இருக்கு, வாயுத் தொல்லையா இருக்கும்"பாங்க, நாமளும் சோடா வாங்கி குடுத்துட்டு டிவி பார்ப்போம். அடுத்தவங்களுக்கு தொல்லை குடுக்கக் கூடாதுங்கிற நாகரிகம் அது. அந்த கோ பைலட்டும் அப்படித்தான் பேசினாருன்னு எனக்கு தோணும். கன்ட்ரோலருக்கோ எமர்ஜென்சிங்கிற ஒரு வார்த்தை கேட்டா தான் மத்த விமானத்தை எல்லாம் தள்ளி விட அதிகாரமும் கடமையும் வரும், ப்ரயாரிட்டிங்கிற வார்த்தைக்கு அவர் விதிப்புத்தகத்துல அப்படி ஒரு பலம் கிடையாது. இப்ப "மினிமம் ஃப்யூயல்"னு ஒண்ணும் "மேடே ஃப்யூயல்"னு ஒண்ணும் உலகம் முழுக்க ஒரே அர்த்தத்துல வெச்சிருக்காங்க. முதல்லது, இனிமே தாமதம் பண்ணா சிக்கல்னு முன்கூட்டியே சொல்றது. ரெண்டாவது, இறங்கும்போது கடைசி கையிருப்புல கை வைக்க வேண்டி வரும்ங்கிற நிலைமை. நடுவுல வேற சொல்லே கிடையாது.

நம்ம நாட்டு கேஸ், டெல்லி பக்கத்துல ஹரியானால இருக்குற சர்க்கி தாத்ரி, 1996 நவம்பர் 12. டெல்லில இருந்து சவுதியா 747 ஏறிக்கிட்டு இருக்கு, கஜகஸ்தான் விமானம் ஒண்ணு, ஐஎல் 76, டெல்லிக்கு இறங்கிக்கிட்டு இருக்கு, ரெண்டும் ஒரே வழில எதிரும் புதிருமா. அப்ப டெல்லில வானத்தோட பெரும் பகுதி விமானப்படை கைல இருந்ததால பயணிகள் விமானத்துக்கு வர்றதுக்கும் போறதுக்கும் ஒரே பாதை தான். சவுதியாவை 14,000 அடில நிறுத்தினாங்க, கஜக் விமானத்தை 15,000 அடில. நடுவுல 1000 அடி, அது போதும், ரெண்டு பேரும் சொன்ன இடத்துல இருந்திருந்தா. கஜக் விமானம் 15,000 தொட்டுட்டேன்னு ரேடியோல சொல்லிட்டு அதுக்கு கீழ இறங்கிடுச்சு.

ஏன் இறங்குச்சுன்னு பார்த்தா அந்த காக்பிட் அமைப்பே வித்தியாசமானது. சோவியத் முறைல ரேடியோல பேசறதுக்குனு தனியா ஒருத்தர் பைலட்டுங்களுக்கு பின்னாடி உக்காந்திருப்பாரு. உத்தரவு அவர் காதுல விழும், அவர் அதை பைலட்டுக்கு சொல்லணும், அவர் முன்னாடி உயரம் காட்டுற கருவி இல்ல, எட்டி பார்க்கணும். விமானம் ஓட்டுறவங்களுக்கு மீட்டர் கணக்கு பழக்கம், இங்க எல்லாம் அடி கணக்கு, இங்கிலீஷும் தட்டு தடுமாறி தான். எதிர்ல ஒரு 747 வருது, 14 மைல், லெவல் 140ன்னு கன்ட்ரோலர் எச்சரிக்கறாரு, எச்சரிக்கைல வந்த அந்த 140 நமக்கான உயரம்னு புரிஞ்சிருக்கலாம்ங்கிற சந்தேகம் கூட உண்டு. கடைசி நேரத்துல தான் அந்த ரேடியோ ஆபரேட்டர் 15,000ல நிக்கணும்னு காக்பிட்ல கத்துறாரு. கன்ட்ரோலர் ஸ்க்ரீன்ல என்ன தெரிஞ்சுதுன்னு கேக்காதீங்க, அப்ப இருந்த ரேடார்ல விமானம் எங்க இருக்குன்னு புள்ளி தெரியும், எந்த உயரம்னு தெரியாது, பைலட் வாயால சொல்றது தான் உயரம். 349 பேர், ரெண்டு விமானத்துலயும் ஒருத்தர் மிஞ்சல. சவுதியால இருந்ததுல நிறைய பேர் வேலைக்கு போன சாதாரண ஜனம். நீதிபதி லகோட்டி கமிஷன் விசாரிச்சுது, அதுக்கப்புறம் தான் இந்தியால பறக்கற விமானத்துக்கு மோதல் தடுக்கற டிகாஸ் கருவி கட்டாயம் ஆச்சு, வர்ற பாதையும் போற பாதையும் பிரிஞ்சுது, உயரம் காட்டுற ரேடாரும் வந்துச்சு. இங்கிலீஷுக்கு உலக அளவுல 6 படி வெச்சு, குறைஞ்சது 4வது படி இருந்தா தான் சர்வதேச விமானம் ஓட்டலாம், கன்ட்ரோல் பண்ணலாம்னு ஐ.நா.வோட விமான அமைப்பு ஐசிஏஓ கொண்டு வந்ததுக்கு பின்னாடியும் இது மாதிரி விபத்துகள் தான் இருக்கு.

டிகாஸ் இருந்தா தீர்ந்துச்சான்னா அதுவும் இல்ல. 2002 ஜூலை 1 ராத்திரி, ஜெர்மனி எல்லைல ஊபர்லிங்கன். ரஷ்ய டுபோலெவ் விமானம் ஒண்ணு, பெரும்பாலும் பள்ளிக்கூட பிள்ளைங்க, டிஹெச்எல் சரக்கு விமானம் ஒண்ணு. டுபோலெவ்ல டிகாஸ் மேல ஏறுன்னுது, சூரிச்ல இருந்த கன்ட்ரோலர் கீழ இறங்குன்னாரு, மனுஷன் சொன்னதை கேட்டு இறங்கினாங்க, டிஹெச்எல் தன் டிகாஸ் சொன்னபடி இறங்குச்சு. அந்த ஒத்த கன்ட்ரோலர் ரெண்டு ஸ்க்ரீனை தனியா பார்த்துக்கிட்டு இருந்தாரு, மெயின் டெலிபோன் லைன் பராமரிப்புக்காக கட், பக்கத்து ஜெர்மன் சென்டர்ல ஆபத்தை பார்த்தவங்க ஃபோன் அடிச்சு அடிச்சு பார்த்து லைன் கிடைக்கல. 71 பேர். டிகாஸும் கன்ட்ரோலரும் முரண்பட்டா டிகாஸ் சொல்றதை தான் கேக்கணும்னு விதி அதுக்கப்புறம் தான் இறுக்கமாச்சு.

இது வரைக்கும் ரேடியோ பேச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி பைலட் கைல குடுக்குற காகிதமும் கம்யூனிகேஷன் தான், அதை யாரும் பேசறது இல்ல. ஃப்ளைட் ப்ளான், வானிலை, நோட்டாம்னு சொல்ற அறிவிப்பு, இதெல்லாம் டிஸ்பாட்ச்ல இருந்தும் ப்ரீஃபிங்ல இருந்தும் வரும். 1979 நவம்பர் 28 ஏர் நியூசிலாந்து 901, டிசி 10, அண்டார்டிகாவை மேல இருந்து சுத்தி காட்டிட்டு திரும்புற பயணம். 19 நாள் முன்னாடி பைலட்டுக்கு ப்ரீஃபிங்ல காட்டின ரூட் மக்மர்டோ கடல் இடுக்கு மேல போகும், கீழ தட்டையான பனி. கிளம்பற நாள் விடிகாலைல கம்ப்யூட்டர்ல அந்த ரூட்ல இருந்த ஒரு புள்ளியோட இடத்தை குறிக்கிற நம்பரை திருத்தினாங்க, ரூட் கிழக்கால நகர்ந்து நேரா எரபஸ் எரிமலை மேல போற மாதிரி ஆச்சு. திருத்தினதை பைலட்டுக்கு யாரும் சொல்லல. அவர் கடல் மேல போறதா நினைச்சு தாழ இறங்கினாரு, வெள்ளை மேகமும் வெள்ளை பனியும் ஒண்ணா தெரிஞ்சுது, 257 பேர் மலைல. முதல்ல பைலட் மேல தான் பழி விழுந்துச்சு, நீதிபதி மஹோன் விசாரணை கமிஷன் தான் அதை மாத்தி சொல்லாம விட்டவங்க பக்கம் விரல் நீட்டுச்சு. இன்னிக்கு வரைக்கும் அதுல வாதம் ஓயல, ஆனா என் மனசு மஹோன் பக்கம் தான்.

பழைய கதையா சொல்றேன்னு நினைக்காதீங்க. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. நோட்டோ நிலநடுக்கத்துக்கு நிவாரண பொருள் கொண்டு போக கடலோர காவல்படை விமானம் கிளம்ப தயாரா இருந்துச்சு. டவர் அதுக்கு "நம்பர் ஒன், சி 5 நிறுத்தக்கோடு வரைக்கும் போ"ன்னாரு, திருப்பியும் சரியாவே சொன்னாங்க. வரிசைல நீ முதல் ஆள்ங்கிறது தான் நம்பர் ஒன். கேப்டன் ரன்வேக்குள்ள போகலாம்னு எடுத்துக்கிட்டாரு, உள்ள போய் நின்னுட்டாரு, பின்னாடி ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 இறங்கி மோதிடுச்சு. பயணிகள் விமானத்துல 379 பேரும் எரியற விமானத்துல இருந்து இறங்கி தப்பிச்சாங்க, காவல்படை விமானத்துல 6 பேர்ல 5 பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஜப்பான்ல நம்பர் ஒன்னுனு வரிசை சொல்றதையே நிறுத்தி வெச்சாங்க. டெனெரிஃப் முடிஞ்சு 47 வருஷம் ஆகப்போற நேரத்துல திரும்பவும் ரன்வே, திரும்பவும் ஒத்த வார்த்தை.

இப்ப டைப் பண்ற விஷயம். அது ஏற்கனவே இருக்குங்க. சிபிடிஎல்சினு பேரு, கன்ட்ரோலர் ஸ்க்ரீன்ல "350க்கு ஏறு"ன்னு அனுப்பினா காக்பிட் ஸ்க்ரீன்ல எழுத்தா வரும், பைலட் வில்கோனோ முடியாதுன்னோ பட்டன் அமுக்குவாரு. நம்ம சென்னைலயே வங்காள விரிகுடா மேல போற விமானத்துக்கு இதை உபயோகிக்கறாங்க. அங்க சாதாரண விஹெச்எஃப் ரேடியோ எட்டாது, ஹெச்எஃப்னு ஒரு பழைய ரேடியோ தான், வானத்துல பட்டு திரும்பி வர்ற சிக்னல், கரகரன்னு இரைச்சலுக்கு நடுவுல எண்ணை ரெண்டு மூணு தடவை கத்தணும். அந்த இடத்துல எழுத்து வரப்பிரசாதம், டூவா டுவான்னு குழப்பமே கிடையாது.

ஆனா ஏர்போர்ட் பக்கத்துல அதை வெச்சு ஓட்ட முடியாது. மெசேஜ் போய், அவங்க படிச்சு, பதில் வர்றதுக்கு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் கூட ஆகும், ரன்வேல அவ்வளவு நேரம் யார் கிட்டயும் இல்ல. இன்னொண்ணு, எழுத்துல அனுப்பினா அனுப்பினவரும் வாங்கினவரும் மட்டும் தான் பார்ப்பாங்க. குரல்ல பேசினா சுத்தி இருக்குற எல்லா பைலட்டும் கேப்பாங்க, அடுத்தவன் எங்க இருக்கான், என்ன பண்ண போறான்னு ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒரு வரைபடம் ஓடிக்கிட்டே இருக்கும். டெனெரிஃப்ல அந்த ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகப்பட்டது பக்கத்து விமானத்தோட பேச்சு காதுல விழுந்ததால தான்.

2017 ஜூலை 7 ராத்திரி சான் பிரான்சிஸ்கோல ஏர் கனடா விமானம் ஒண்ணு, 140 பேரோட, ரன்வேனு நினைச்சு பக்கத்து டாக்ஸிவேல இறங்க வந்துச்சு. பக்கத்து ரன்வே மூடியிருக்குன்னு நோட்டாம்ல இருந்துச்சு, ஆனா பக்கம் பக்கமா வர்ற அறிவிப்பு கட்டுல அது எங்கயோ கிடந்துச்சு, இறங்கற நேரத்துல அவங்க மனசுல நிக்கல. அந்த டாக்ஸிவேல நாலு விமானம் பயணிகளோட வரிசையா நின்னுச்சு. இறங்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி, டாக்ஸிவேல லைட் தெரியுதே, ரன்வே க்ளியர் தானான்னு ஏர் கனடா பைலட் டவர் கிட்ட கேட்டாரு, க்ளியர் தான்னு பதில் வந்துச்சு. ரன்வே நிஜமாவே க்ளியர் தான், அவர் வந்துக்கிட்டு இருந்தது தான் ரன்வே இல்ல. அப்ப வரிசைல முதல்ல நின்ன யுனைட்டட் விமானத்து பைலட் தலைக்கு நேரா விளக்கு வர்றதை பார்த்துட்டு, தனக்கும் அந்த பேச்சுக்கும் சம்பந்தம் இல்லைன்னாலும், பட்டனை அமுக்கி "இவன் எங்க போறான், டாக்ஸிவே மேல வர்றான்"னாரு. ரெண்டாவது நின்ன பிலிப்பைன்ஸ் ஏர்லைன்ஸ் விமானம் லேண்டிங் லைட்டை போட்டு காட்டுச்சு. ஏர் கனடா பைலட்டுங்களுக்கும் ஏதோ சரியில்லைன்னு பட்டு த்ரஸ்ட் ஏத்தினாங்க, அடுத்தே டவரும் மேல ஏற சொல்லிட்டாரு. தரைல இருந்து 60 அடி உயரம் வரைக்கும் இறங்கி, நின்ன விமானங்களுக்கு மேல ஏறி போச்சு அந்த ஏர்பஸ்.